தட்டை உடைக்க மறுத்த யோலித்தா

யோலித்தா சத்தம் போட்டு எவரும் கேட்டதில்லை. இயக்குநர் என்றால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அவர் அப்படியில்லை. கேமரா ஓடத் தொடங்கியதும் நடிகர்களைப் பார்த்து, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்று கேள்வியாகவே கேட்பார். ஒருமுறை ஒரு புது நடிகர், "இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று பதில் சொல்லிவிட்டார். யோலித்தா தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார். மொத்தக் குழுவும் காத்திருந்தது. அந்தக் காட்சி நன்றாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பானவேஜிஸ் என்ற ஊரில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள். தலைநகர் வில்னியஸில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் தனியாக வாழ்கிறார். தொண்ணூறுகளில் சினிமாவுக்குக் காசே இல்லாதபோது கிடைத்ததையெல்லாம் எடுத்தார். தொத்திறைச்சி விளம்பரம் எடுத்தார். சாலையைக் கடப்பது எப்படி என்று குழந்தைகளுக்குப் படம் எடுத்தார். தேர்தல் விளம்பரமும் எடுத்தார்; அரசியல்வாதிகளைக்கூட மனிதர்களாகக் காட்டியவர் என்று இன்றைக்கும் அவரைக் கிண்டல் செய்வார்கள். அறுபது தாண்டியும் படப்பிடிப்புக்குத் தன் கறுப்பு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தானே கட்டிக்கொண்டு வருவார். நடிகர்கள் நன்றாகப் பேசிவிட்டால் காட்சி ஓடும் மானிட்டர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவார். அழுதால் அந்த டேக் ஓகே என்று அர்த்தம். உதவி இயக்குநர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள், அவர் கண்ணைத்தான் பார்ப்பார்கள்.

அவருடைய நல்ல படங்களையெல்லாம் எழுதியவர் வைதோத்தஸ். கௌனஸ் நகரத்துக்காரர், கூச்ச சுபாவி, தடித்த கண்ணாடி போட்டவர். எங்கள் தொழிலில் எழுத்தாளரைப் படப்பிடிப்புக்கு யாரும் கூப்பிடுவதில்லை. குளிரில் நிற்கிற இடத்தில் அவரால் என்ன உபயோகம் என்பார்கள். அதனால் இவர் அங்கே எழுதுவார், அவர் இங்கே எடுப்பார். முப்பது வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அவர்கள் இளமையில் செய்த ஒரு படம் எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பனிப்புயலில் வழி தவறிய மணப்பெண் வேறு யாருடைய கல்யாண வீட்டுக்கோ போய்ச் சேர்ந்துவிடுவாள். "வந்தது வந்தாச்சு, சாப்பிட்டுட்டே போறேன்" என்று அவள் சொல்கிற வசனம் இன்றைக்குக் காப்பிக் கோப்பையில் இருக்கிறது, சமையலறை ஏப்ரனில் இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டு இரவும் தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும். ஸ்வீடன் போகிற கப்பலில் லாரி ஓட்டுநர்கள் வசனத்தை முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பதை யோலித்தாவே பார்த்திருக்கிறார். முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சிரிப்பில் தனக்கோ வைதோத்தஸுக்கோ ஒரு குண்டுமணி பாத்தியதையும் இல்லை.

ஏன் இல்லை என்றால், அந்தப் படத்தின் ஒப்பந்தப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டது ஆவிக்குளியல் அறையில். அன்றைய தயாரிப்பாளர், காலஞ்சென்ற மனிதர், ஏரிக்கரையிலுள்ள தன் குளியல் வீட்டுக்கு இருவரையும் அழைத்திருந்தார். கல் கொதிக்கிறது, பிர்ச் மர இலைக் கட்டால் முதுகில் அடித்துக்கொள்கிறார்கள், பீர் வருகிறது, அதோடு பத்திரமும் வந்தது. எங்கள் ஊரில் முக்கால்வாசி விவகாரம் அங்கேதான் முடியும். துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒருவரையொருவர் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று ஒரு எண்ணம். யோலித்தா போட்டார். வைதோத்தஸின் கண்ணாடி ஆவியில் மூடிப்போயிருந்தது.

"என்ன போட்டிருக்கு யோலித்தா?" என்று கேட்டார் அவர்.

"வழக்கமானதுதான். போடுங்க."

அவரும் போட்டார். விற்றது இன்னதென்று பிறகுதான் தெரிந்தது: எப்போது, எங்கே, எத்தனை தரம் ஓடினாலும் இனி ஒன்றும் கேட்க மாட்டோம் என்று இரண்டு பேரும் எழுதிக்கொடுத்திருந்தார்கள். வைதோத்தஸ் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் யோலித்தாவை அறுத்தது. 'வழக்கமானதுதான்' என்ற அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். வைதோத்தஸ் நாலு வருஷம் உட்கார்ந்து எட்டுப் பாகத் தொடர் ஒன்றை எழுதினார். ஏரிக்கரைக் கிராமத்தில், பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிக்கூடத்தை மூடவிடாமல் மல்லுக்கட்டும் ஒரு சமையல்காரியின் கதை. அவர் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்று படித்த எல்லாரும் சொன்னார்கள். வெளிநாட்டு இணையத் திரை நிறுவனம் ஒன்று காசு போட முன்வந்தது. தயாரிப்பாளர் கெஸ்தஸ், ஒரு காலத்தில் யோலித்தாவின் உதவியாளராக இருந்தவன். கெட்டவன் இல்லை. ஆனால் பெரிய இடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற ஆள்.

பத்திரம் படப்பிடிப்புக்கு முந்தின வாரம்தான் வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். வேலை தொடங்கிவிட்டால் எவனும் பேரம் பேச மாட்டான் என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். எழுத்தாளரும் இயக்குநரும் தங்கள் உரிமைகள் அனைத்தையும், எக்காலத்துக்கும், பிரபஞ்சம் முழுவதற்கும், ஒரே தொகைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அதில் இருந்தது. பிரபஞ்சம் என்றே இருந்தது. யோலித்தா போனில் படித்துக் காட்டியபோது வைதோத்தஸ், "சனி கிரகத்தையாவது எனக்கு விட்டுவைக்கச் சொல்லுங்க" என்று சிரித்தார். அப்புறம், "பரவாயில்ல, போட்டுடறேன். தொடர் வந்தா போதும்" என்றார். படப்பிடிப்பு நாள்வரை இருவருமே போட்டிருக்கவில்லை.

சங்கத்தின் மூலம் போராடலாமே என்று கேட்பீர்கள். சட்டப்படி இயக்குநர்களும் எழுத்தாளர்களும் யாருடைய ஊழியரும் இல்லையாம், தனித்தனி முதலாளிகளாம். கூடி நின்று ஒரே விலை கேட்டால் அது வியாபாரச் சதி ஆகிவிடுமாம் என்று ஒரு வக்கீல் சங்கத்தைப் பயமுறுத்தி வைத்திருந்தார். நாலாவது மாடி முதலாளி யோலித்தா இதைக் கேட்டுவிட்டுப் படியேறி வீட்டுக்குப் போனார்.

ஏரிகள் சூழ்ந்த மொலேத்தாய் பக்கம், மார்ச் மாதம், முழங்கால்வரை சேறு, அதன்மேல் ஈரப்பனி. முதல் நாள் படப்பிடிப்புக்கு அறுபது பேர் கூடியிருந்தார்கள். வெளிநாட்டு நிறுவனம் வாழ்த்துச் சொல்லிப் பூங்கொத்து அனுப்பியிருந்தது. சிவப்பு ரோஜா, சரியாகப் பன்னிரண்டு. ஒளிப்பதிவாளர் ஸெனோனஸ் அதைப் பார்த்ததும் முகம் சுளித்து ஒன்றை உருவித் தன் தொப்பியில் செருகிக்கொண்டார். "இரட்டைப்படையில பூவைப் பொணத்துக்குத்தான் வைப்பாங்க. இவனுங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

அடுத்தது தட்டு. எங்களிடம் முதல் காட்சிக்கு முன்னால் ஒரு பீங்கான் தட்டில் படத்தின் பேரை எழுதி, குழுவிலுள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு, அதை இயக்குநர் கேமராவின் முக்காலியில் அடித்து உடைக்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். அது உடையாமல் எவனும் கேமராவைத் தொட மாட்டான். கடவுள் இல்லை என்று சொல்கிறவனும் தொட மாட்டான். ஸெனோனஸ் வாலிபத்தில் ஒருமுறை உடைக்காமல் தொடங்கி, கேமராவோடு ஏரிக்குள் விழுந்தவர். அந்தக் கதையைக் கேட்காத மின்பணியாளரே எங்கள் நாட்டில் கிடையாது.

தட்டை யோலித்தாவின் கையில் கொடுத்தார்கள். அவர் முக்காலிக்கு முன்னால் நின்றார். தட்டைப் பார்த்தார். பிறகு போய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு?" என்று ஓடிவந்தான் கெஸ்தஸ்.

"கை எழும்ப மாட்டேங்குது" என்றார் யோலித்தா.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேரத்துக்கு வந்துட்டேன், வேலை செய்யத் தயாரா இருக்கேன். நீயே பாத்துக்கோ. கைதான் எழும்பல. அந்தப் பத்திரம் இருக்கே, அது சரியானா எழும்பும்னு நினைக்கிறேன்."

கெஸ்தஸுக்கு வியர்த்தது. "யோலித்தா, இது ஸ்ட்ரைக்கா?"

"ஐயோ, நாங்க எல்லாம் முதலாளிங்க. முதலாளி எங்கயாவது ஸ்ட்ரைக் பண்ணுவாங்களா?"

ஸெனோனஸ் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கேமராவின் மேல் போர்வையைப் போர்த்தினார். ஃபிளாஸ்க்கைத் திறந்தார். "கிழவி உக்காந்துட்டா. எல்லாரும் டீ குடிங்கடா" என்றார். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குழுவுக்கு நாள்கூலி அன்று காலையிலிருந்தே கணக்கு. அதைத் தெரிந்துகொண்டுதான் யோலித்தா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். தன் பிடிவாதத்துக்கு அடுத்தவன் அடுப்பில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

கெஸ்தஸ் வெளிநாட்டுக்குப் போன் போட்டான், சேற்றில் எழுந்து நின்றபடி. தட்டு உடையவில்லை, அதனால் யாரும் வேலை தொடங்கவில்லை என்று விளக்கினான். அந்தப் பக்கம் நல்ல மனசுக்காரப் பெண் ஒருத்தி. நிலைமையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இன்னும் பத்துத் தட்டு வாங்கி அனுப்பவா என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குள் அவர்களுக்கும் விளங்கிவிட்டது. கெஸ்தஸ் முகம் மலர ஓடிவந்து, யோலித்தாவின் காதருகில் குனிந்தான்.

"சரின்னுட்டாங்க. உங்க பத்திரத்துல மட்டும் அந்த வரியை எடுத்துடறாங்க. எங்க ஓடினாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

"வைதோத்தஸுக்கு?"

"அவர்தான் போட்டுடறேன்னு சொல்லிட்டாரே."

"அவர் போடுவார்டா. நான் போட்டா அவர் போடுவார். அதான் பிரச்சனையே" என்றார் யோலித்தா. தட்டு மடியிலேயே இருந்தது.

செய்தி கௌனஸுக்குப் போய்விட்டது. வைதோத்தஸ் இரண்டு பேருந்து மாறி, பொழுது சாயும் முன் வந்து இறங்கினார், பிளாஸ்டிக் பையும் நனைந்த காலணியுமாக. படப்பிடிப்புத் தளத்துக்கு அவர் வந்தது வாழ்க்கையிலேயே இரண்டாவது தடவையோ என்னவோ. அவர் கோபமாக இருந்தார். அந்த மனிதருக்குக் கோபம் வரும் என்றே அதுவரை யாருக்கும் தெரியாது.

"உடைங்க அதை" என்றார், மூச்சிரைக்க.

"வைதோத்தஸ்..."

"நாலு வருஷம் அந்தச் சமையல்காரியோட குடித்தனம் பண்ணியிருக்கேன். நீங்க இங்க உக்காந்தீங்கன்னா அவ செத்துடுவா. என்னைக் கேட்டீங்களா நீங்க? அன்னைக்கு 'போடுங்க'ன்னீங்க, போட்டேன். இன்னைக்கு 'போடாதீங்க'ங்கறீங்க. ரெண்டு தடவையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நான் யாரு இதுல?"

யோலித்தாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நல்லது செய்கிறோம் என்ற மிதப்பில், யாருக்காக உட்கார்ந்தாரோ அந்த ஆளையே கேட்க மறந்துபோயிருந்தார். எழுந்து நின்றார்.

"தப்புதான். சொல்லுங்க, இப்பவே உடைக்கறேன்" என்று தட்டை ஓங்கினார். வீம்புக்காகச் செய்யவில்லை. வைதோத்தஸ் 'ம்' என்றிருந்தால் உடைத்திருப்பார்.

வைதோத்தஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி, பத்திரத்தை நானா எடுத்துப் படிக்கவே இல்ல" என்றார். "படிச்சா கை போகாதுன்னு தெரியும். அதான் படிக்கல. படிக்காம போட்டுட்டா, நான் ஏமாந்தவன். படிச்சிட்டுப் போட்டா, நான் கோழை. ஏமாந்தவனா இருக்கறது சுலபமா இருந்தது."

"இப்ப என்ன பண்ணலாம்?"

"உடைக்க வேணாம். ஆனா இது நான் சொல்லி நீங்க உடைக்காம இருக்கறது. உங்க பெருந்தன்மைல இல்ல. சரியா?"

"சரி" என்றார் யோலித்தா. முப்பது வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததில்லை.

மூன்றாம் நாள் கெஸ்தஸ் அழுதுகொண்டே வந்தான். நிஜமாகவே அழுதான். நிறுவனம் யோலித்தாவை மாற்றிவிட்டது. இன்னொரு இயக்குநர், ரோலண்டஸ், வந்து எடுப்பார். பத்திரம் பழைய பத்திரம்தான்.

யோலித்தா தட்டை இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார். இந்த வயதில் இப்படி ஒரு கதை இனிக் கைக்கு வராது என்று அவருக்குத் தெரியும். அதிலும் ரோலண்டஸ். அந்த ஆள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, யோலித்தாவின் படங்கள் கம்பளி சாக்ஸ் மாதிரி, சூடாக இருக்கும் ஆனால் உருவம் கிடையாது என்று சொன்னவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆறு வருஷமாக ரோலண்டஸுக்குப் படமும் இல்லை. எதைக் கொடுத்தாலும் வாரிக்கொள்வார் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போகிற வண்டி மாலையில்தான் என்பதால், யோலித்தா வெறுமனே அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார். வைதோத்தஸ் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ரோலண்டஸ் வந்தார். நல்ல கோட்டு, பழைய காலணி. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக முக்காலிக்குப் போய்த் தட்டை வாங்கினார். ஸெனோனஸ் போர்வையை எடுக்கவில்லை. எடுக்காமல் நின்று பார்த்தார். அறுபது பேரும் பார்த்தார்கள். ரோலண்டஸ் தட்டைத் தூக்கிப் பிடித்தார். அதிலுள்ள பேர்களைப் படித்தார். மெதுவாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். கை அந்தரத்தில் நின்றது.

"ஏன், என்ன?" என்றான் கெஸ்தஸ் பரிதாபமாக.

"தோள்பட்டை பிடிச்சிருக்கு" என்றார் ரோலண்டஸ். "இது கனமா இருக்கு."

"சூப் தட்டுய்யா அது" என்றார் ஸெனோனஸ்.

"அதான் சொல்றேன். கனமா இருக்கு."

தட்டைக் கொண்டுவந்து யோலித்தாவின் மடியிலேயே வைத்தார். ஒரு காலிப் பெட்டியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் நேரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பளி சாக்ஸ்னு சொன்னேனே. இப்பவும் என் கருத்து அதுதான்" என்றார் ரோலண்டஸ்.

"தெரியும். ரொட்டி எடுத்துக்குங்க" என்றார் யோலித்தா.

அவர் எடுத்துக்கொண்டார். யோலித்தா முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து உதவி இயக்குநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நிறுவனம் இன்னும் இரண்டு இயக்குநர்களைக் கேட்டுப் பார்த்ததாகக் கேள்வி. ஒருவருக்கு முழங்கை வலியாம், இன்னொருவருக்கு விரலில் சுளுக்காம். ஒருவரோடு ஒருவர் கூடிப் பேசவில்லை. பேசினால் சதி ஆகிவிடுமே. அந்த வசந்தத்தில் எங்கள் நாட்டு இயக்குநர்களுக்கு அப்படியொரு வாதநோய் பரவியிருந்தது.

வாரக் கடைசியில் புதுப் பத்திரம் வந்தது. அந்த வரி இல்லை. தொடர் புதிதாக எங்கே ஓடினாலும் எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் பங்கு உண்டு, கணக்குக் கேட்கிற உரிமையும் உண்டு என்று இருந்தது. இருவருக்கும் ஒரே மாதிரி. யோலித்தாதான் எடுக்கிறார். கெஸ்தஸ் மூச்சு வாங்கக் காகிதத்தை நீட்டினான். "வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு ஷாட்டாவது எடுத்துடலாம். கையெழுத்துப் போட்டுடுங்க, அப்பறம் நிதானமா படிச்சுக்கலாம்."

யோலித்தா தன்னுடையதைப் படித்து முடித்துப் போட்டார். அடுத்து வைதோத்தஸின் பக்கம் திரும்பினார். 'போடுங்க' என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வைதோத்தஸ் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். தடித்த பத்திரம். ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷ வெளிச்சம் வீணானாலும் குடும்பத்தை இழுத்துத் திட்டுகிற ஸெனோனஸ் குடையை எடுத்துவந்து காகிதத்துக்கு மேலே பிடித்தார். சமையல்காரியாக நடிக்கிற நடிகை ஒப்பனையோடு நின்றாள். விளக்குக்காரர்கள் நின்றார்கள். ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள், அவருக்குச் சத்தமாக இருக்கும் என்று. ஏரிக்கு அப்பால் வெளிச்சம் போயே போய்விட்டது.

கடைசிப் பக்கம் வந்தது. கெஸ்தஸ் பேனாவை நீட்டினான். வைதோத்தஸ் பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நடுவிலிருந்த ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

"ஏதாவது தப்பா இருக்கா?" என்றார் ஸெனோனஸ், குடையை மற்றக் கைக்கு மாற்றியபடி.

"இல்ல" என்றார் வைதோத்தஸ். "இந்த இடத்துல என் பேர் வருது. இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."

அறுபது பேரும் சேற்றில் நின்றபடி, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.